நோயியற் பயிற்சியும் ஆராய்ச்சி அனுபவமும்: ஊவாவை முன்வைத்து ஒரு நோக்கு

மருத்துவத் துறைகளுள் மக்கள் கண்ணிற் படாது இயங்குவது நோயியல். அறுவை மருத்துவரை நோயாளி அறிவர். குழந்தை மருத்துவரைத் தாய்மார் அறிவர். ஆயின், உடலினின்றும் எடுக்கப்பட்ட இழையத் துண்டினை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, இது புற்று, இது புற்றன்று எனத் தீர்ப்பளிப்பவரின் முகத்தை நோயாளி காண்பதேயில்லை. எனினும், அவர் எழுதும் இரண்டொரு வரிகளையே ஏனைய மருத்துவர் யாவரும் எதிர்நோக்கி நிற்பர். நோயினை அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை நாடுதல் என வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்த படிகளுள் முதலிரண்டும் இக்காலத்திற் பெரிதும் இத்துறையினரின் பொறுப்பாகவே அமைந்துள்ளன.

இத்தகைய துறையில் உயர்பயிற்சி பெற விரும்பும் இளமருத்துவர்க்கு ஆராய்ச்சி அனுபவம் எவ்வளவு தேவை? அவ்வனுபவம் விண்ணப்பப் படிவத்தை அணிசெய்யும் ஆபரணமா, அன்றித் தொழிலுக்கு இன்றியமையாத அடிப்படையா? பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் உயர்தர விஞ்ஞான வகுப்பிலிருந்து மருத்துவபீடத்தை நோக்கும் மாணவர்க்கு இவ்வினா தொலைவிலுள்ளதுபோல் தோன்றலாம். உண்மையில் அஃது அவர்தம் வீட்டு வாசலிலேயே நிற்கின்றது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

தேர்வு முறைகள்

இலங்கையிற் கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. எனினும், சிறப்பு மருத்துவர்களை உருவாக்கும் பணி நெடுங்காலம் பிரித்தானியாவையே சார்ந்திருந்தது. பட்டம் பெற்ற இலங்கையர் இலண்டனுக்கும் எடின்பரோவுக்கும் சென்று தேர்வெழுதித் திரும்புவதே வழக்கமாயிருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980இல் அமைக்கப்பட்டபின், அப்பயிற்சி நாட்டினுள்ளேயே வேரூன்றலாயிற்று. இன்று இழைய நோயியல், குருதியியல், இரசாயன நோயியல், நுண்ணுயிரியல் ஆகிய பிரிவுகளில் அந்நிறுவகத்தினூடாகவே மருத்துவர் உயர்பட்டம் பெறுகின்றனர்.

இந்நிறுவகத்தின் வாயிலைத் திறப்பது தேர்வுப் பரீட்சை ஒன்றேயாம். உள்ளகப் பயிற்சியையும் குறித்த சேவைக் காலத்தையும் நிறைவுசெய்த மருத்துவர் அப்பரீட்சைக்குத் தோற்றிப் பெறும் புள்ளிகளின் வரிசையிலேயே இடங்கள் நிரப்பப்படுகின்றன. முன்னர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் அவ்வரிசையை மாற்றுவதில்லை. இந்தியாவிலும் நிலைமை இதனையொத்ததே. தேசியத் தேர்வின் தரவரிசையே முதுகலை இடத்தை நிர்ணயிக்கின்றது. இவ்விரு நாடுகளிலும் ஆராய்ச்சி வாயிலுக்கு வெளியே கேட்கப்படாவிடினும், வாயிலைக் கடந்தபின் கட்டாயமாகின்றது. இந்தியாவில் முதுகலை மாணவர் ஆய்வேடு அளித்தல் வேண்டும். இலங்கையிலும் பயிற்சிக் காலத்தினுள் ஆய்வுப் பணி விதிக்கப்பட்டுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவின் முறை வேறு. அங்கு உடற்கூற்று நோயியலும் ஆய்வுகூட நோயியலும் இணைந்த வதிவிடப் பயிற்சி நான்கு ஆண்டுகள் நீடிக்கின்றது. விண்ணப்பதாரரும் மருத்துவமனைகளும் ஒருவரையொருவர் விருப்ப வரிசைப்படுத்தி, அவ்வரிசைகளைப் பொருத்தி இடமளிக்கும் தேசிய ஏற்பாடு 1952ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ளது. விண்ணப்பத்திற் பரீட்சைப் புள்ளிகளோடு பரிந்துரைக் கடிதங்களும், வெளியிட்ட கட்டுரைகளும், மாநாடுகளில் வாசித்த உரைகளும் இடம்பெறுகின்றன. 2022 சனவரி 26 முதல், உரிமத் தேர்வின் முதற்படிக்குப் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. ‘சித்தி’ அல்லது ‘சித்தியின்மை’ என்பதே அறிவிக்கப்படுகின்றது. விண்ணப்பதாரரை வேறுபடுத்திக் காட்டிய எண்களுள் ஒன்று இவ்வாறு மறைந்தபின், எஞ்சிய சான்றுகளின் மீது, சிறப்பாக ஆராய்ச்சியின் மீது, இளமருத்துவரின் கவனம் மேலும் குவிந்தமை வியப்பன்று. பிரித்தானியாவின் இழைய நோயியற் பயிற்சிக்கு விண்ணப்பிப்போரிடமும் ஆய்வு, மருத்துவத் தரக் கணக்காய்வு ஆகியவற்றில் ஈடுபட்டமை பற்றி வினவப்படுகின்றது.

எனவே, ஓரிடத்தில் ஆராய்ச்சி வாயிற்காவலன்; மற்றோரிடத்தில் அஃது உள்ளே நுழைந்தோரைப் பயிற்றும் ஆசான். இவ்விரு நிலைகளுள் எது நோயியலின் இயல்போடு பொருந்துவது என்பதே அடுத்து நோக்கற்பாலது.

நோயியலாளரின் கண்

இழையத் துண்டொன்று ஆய்வுகூடத்தை அடைந்ததும் நிகழ்வனவற்றை அறிந்தால் விடை ஓரளவு தெளிவாகும். அத்துண்டு முதலிற் போமலினில் இட்டு அழுகாது காக்கப்படுகின்றது. பின்னர் நீர் நீக்கப்பட்டு, உருகிய மெழுகில் அமிழ்த்தப்பட்டு, கட்டியாக்கப்படுகின்றது. அக்கட்டியினின்றும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிப்புள்ள மென்சீவல்கள் வெட்டப்படுகின்றன. ஈமற்றொட்சிலின், இயோசின் என்னும் இரு சாயங்கள் ஊட்டப்பட்டபின், கலங்களின் கரு நீலமாகவும் சூழ்ந்த பகுதி இளஞ்சிவப்பாகவும் தோன்றும். அவ்விரு நிறங்களின் ஒழுங்கையும் ஒழுங்கின்மையையும் கண்டே தீர்ப்பு எழுதப்படுகின்றது.

இத்தீர்ப்பில் பொறி செய்யும் பங்கு சிறிது. மனிதக் கண் செய்யும் பங்கு பெரிது. கண்ணோ பிழைக்கும் இயல்புடையது. வாயின் உட்சவ்விற் காணும் மாற்றம் புற்றுக்கு முந்திய நிலையில் இலேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா எனத் தரம்பிரிக்குங்கால், தேர்ந்த நோயியலாளரிடையேயும் கருத்து வேறுபடுகின்றது. ஒருவரே சில மாதங்கள் கழித்து அதே கண்ணாடித் தகட்டைக் காணும்போது தம் முன்னைய தீர்ப்பினின்று மாறுபடுவதும் உண்டு.

இவ்வேறுபாட்டை அளவிட ஜேக்கப் கோகன் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1960இல் ‘கப்பா’ எனும் கணிப்பு முறையொன்றை வகுத்தார். அதன் கருத்து எளியது. இருவர் நூறு தகடுகளைத் தனித்தனியே பார்த்து எண்பதில் ஒத்த தீர்ப்பளித்தனர் எனக் கொள்வோமாயின், எண்பது நல்ல எண்ணாகவே தோன்றும். ஆயின், தற்செயலாகவே அறுபதில் அவர்கள் ஒத்திருக்கக்கூடும் எனக் கணக்கிடப்பட்டால், தற்செயலைக் கடந்து எட்டக்கூடிய ஒற்றுமை நாற்பது, எட்டியதோ இருபது. ஆகவே கப்பாவின் பெறுமானம் 0.5 மட்டுமே. எண்பது என்ற பெருமிதம் பாதியாகச் சுருங்கிவிடுகின்றது.

இத்தகைய சிற்றாய்வொன்றை ஒருமுறையேனும் செய்து பார்த்த இளமருத்துவர், தம் கண்ணின் வரம்பை அறிந்துவிடுகிறார். பிற்காலத்தில் ஐயமுற்ற வேளையில் அவர் மற்றொருவரின் கருத்தை நாடத் தயங்கார். சிறு துண்டினைக் கொண்டு பெருமுடிவு கூறத் துணியார். ‘போதிய இழையம் கிடைத்திலது’ என எழுத நாணார். ஆராய்ச்சி அனுபவம் நோயியலாளருக்கு அளிக்கும் பெரும்பேறு இதுவே. அனுப்பப்பட்ட துண்டு நோய் முழுவதையும் காட்டுகின்றதா, வேறு விளக்கம் உண்டா, சான்று எத்துணை உறுதியானது என்னும் வினாக்கள் ஆய்வாளருக்கும் நோயியலாளருக்கும் பொதுவானவை. நாள்தோறும் எழுதும் அறிக்கை ஒவ்வொன்றும் ஒரு சிற்றாராய்ச்சி எனல் மிகையாகாது.

இலங்கையின் மருத்துவ வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. அல்டோ கஸ்தலானி என்னும் இத்தாலிய மருத்துவர் உகண்டாவில் உறக்க நோயை ஆராய்ந்த அனுபவத்தோடு 1903இற் கொழும்பிலிருந்த பற்றீரியவியல் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். நுணுக்குக்காட்டியின் ஊடே அரிய உயிரிகளைத் தேடிப் பழகிய கண் அவருடையது. இலங்கைக் கிராமங்களில் ‘பறங்கி’ என வழங்கிய கொடிய தோல்நோய்க்குக் காரணமான சுருளுயிரியை அவர் 1905இற் கண்டறிந்தார். அந்நிறுவனத்தின் வழித்தோன்றலே இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம்.

தோட்டங்களின் வாய்ப்புற்று

கொழும்பின் ஆய்வுகூடத்தை விடுத்து ஊவா மலைச்சாரலை நோக்கினால், ஆராய்ச்சிக்குரிய வினாக்கள் அங்கு நிறைந்து கிடக்கின்றன. ஹப்புத்தளை முதல் மடுல்சீமை வரை, நமுனுகுல மலையின் அடிவாரம் முழுவதும் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்திற்குத் தோட்ட உரிமையாளரைப் பொறுப்பாக்கியது. தோட்ட மருந்தகமும் மருந்துகொடுப்போரும் அவ்வழி வந்தனவே. காய்ச்சலுக்கும் காயத்திற்கும் அவை உதவின. ஆயின், இழையப் பரிசோதனை என்பது அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டதாயிருந்தது.

தோட்ட வாழ்வில் வெற்றிலை போடுதல் நெடுநாளைய வழக்கம். மலைக்குளிரிலும் பசியிலும் அது துணையெனக் கருதப்படுகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் மடியிலும், கவ்வாத்து வெட்டும் ஆணின் இடுப்பிலும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை அடங்கிய சிறு பொதியைக் காணலாம். புகையிலை சேர்ந்தாலும் சேராவிடினும் வெற்றிலைக் கலவை புற்றை விளைப்பது என்றும், பாக்குத் தானும் அத்தன்மையது என்றும் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகாமை 2004இல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டு உரைத்தது. இலங்கை ஆண்களிடையே மிகுந்து காணும் புற்று வகைகளுள் வாய்ப்புற்று முன்னிலை வகிப்பதற்கு இப்பழக்கம் தலையாய காரணங்களுள் ஒன்றாகும்.

புற்றுக்கு முன்னரே தோன்றும் மற்றொரு நோய் வாயின் சவ்வடி நார்ப்பெருக்கம். கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் சுவாட்சு என்பவர் 1952இல் இதனை விவரித்தார்; அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி என்பவர் இதனை மேலும் விளக்கினார். பாக்கிலுள்ள வேதிப்பொருள்கள் சவ்வின் அடியில் நார்களை மிகையாக வளரச் செய்கின்றன. முதலிற் காரம் பட்டவுடன் வாய் எரியும்; பின்னர்க் கன்னம் விறைத்து வாய் திறப்பது அரிதாகும். இந்நிலையிற் காண்போர்க்குப் புற்று வருமுன் காக்கும் வாய்ப்பு உண்டு.

இலங்கையில் நிகழ்த்தப்பெற்று 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்த ஆய்வொன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. பயிற்சியளிக்கப்பட்ட 34 ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் ஓராண்டில் 28,000க்கு மேற்பட்டோரின் வாயை அவரவர் இல்லங்களிலேயே சோதித்தனர். நூற்றுக்கு நால்வரளவில் ஐயத்திற்குரிய மாற்றங்கள் காணப்பெற்றன. விலையுயர்ந்த கருவி எதுவும் பயன்படவில்லை; பயின்ற கண்ணும் ஒழுங்கான பதிவுமே அதற்குப் போதுமாயின. ஐயத்திற்குரியோர் எனக் காணப்பட்டோர் எல்லோரும் மேற்சோதனைக்கு வந்தாரல்லர் என்பதும் அவ்வாய்விலேயே வெளிப்பட்டது. மடுல்சீமையிலிருந்து பதுளைக்குச் சென்று வருவோர் ஒருநாட் கூலியை இழப்பர். முடிவைப் பெற மற்றொரு நாளையும் இழப்பர். நோயாளி ஏன் வரவில்லை என்பதும் ஆராயத்தக்க பொருளே.

கிராந்துருக்கோட்டையின் சிறுநீரக நோய்

பதுளை மாவட்டம் மலைத்தோட்டங்களோடு முடிவதன்று. மகியங்கனைக்கு அப்பால் அது வெப்பமிக்க தாழ்நிலத்தில் இறங்குகின்றது. அங்கு மகாவலித் திட்டத்தின்கீழ் அமைந்த நெற்குடியேற்றமான கிராந்துருக்கோட்டை, காரணம் தெளியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயினாற் பெரிதும் தாக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாயிற்று. 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதன்முதல் உணரப்பட்ட இந்நோய், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத உழவரையும் பற்றியமையால் மருத்துவரைத் திகைக்க வைத்தது. அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களில் நிகழ்த்தப்பெற்று 2013இல் வெளிவந்த ஆய்வு, ஆய்வுப் பகுதிகளில் வயதுக்கேற்பச் சீராக்கிய கணக்கின்படி ஆண்களில் 12.9 வீதத்தினருக்கும் பெண்களில் 16.9 வீதத்தினருக்கும் இந்நோய் உண்டெனக் கண்டது. முற்றிய நிலையோ ஆண்களிடையே மிகுந்திருந்தது.

இங்கு நோயியலாளர் ஆற்றிய பணி பெரிது. சிறுநீரகத்தினின்றும் எடுத்த நுண்துண்டுகளை ஆராய்ந்தபோது, குருதியை வடிக்கும் கோளப் பகுதி பெரும்பாலும் முதலிற் சிதையாதிருக்க, சிறுகுழாய்களும் அவற்றிடையேயுள்ள இழையமும் அழற்சியுற்று நாராக மாறியிருந்தமை தெரியவந்தது. காரணம் இன்னும் முடிவாகவில்லை. நிலத்தடி நீர், கனவுலோகங்கள், வேளாண் இரசாயனங்கள், கடும் வெப்பத்தில் உழைத்தல் எனப் பல கருதப்படுகின்றன. எனினும், தாக்கம் சிறுநீரகத்தின் எப்பகுதியில் தொடங்குகின்றது என்பதை நுணுக்குக்காட்டி காட்டியதால், எதனை எங்குத் தேடுவது என்னும் வழி தெளிவாயிற்று. குளிர்ந்த மலையும் வெந்த சமவெளியும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருப்பது ஒப்புநோக்கி ஆராய்வார்க்கு அரியதோர் வாய்ப்பாகும்.

எளிய முயற்சி

மேற்கூறியவை பெரும் ஆய்வுகள். மாகாண மருத்துவமனையிற் பணியாற்றும் இளமருத்துவர் ஒருவர், நிதியுதவியின்றித் தாமே செய்யத்தக்கது யாது? நோயியற் பிரிவின் சிறப்பு, அது பழைமையைப் பேணி வைப்பது. மெழுகுக் கட்டிகளும் தகடுகளும் பதிவேடுகளும் பல்லாண்டுகள் காக்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டே வினாவலாம். குறித்த காலத்தில் வந்த வாய் இழையத் துண்டுகளுள் எத்தனை புற்று? எந்நிலையிற் கண்டறியப்பட்டன? துண்டு வந்த நாளுக்கும் அறிக்கை சென்ற நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் கழிந்தன? தரம்பிரித்தலில் இருவர் எத்துணை ஒத்தனர்? இவற்றுள் ஒன்றனைத் தேர்ந்து, துறை மூத்தோரின் வழிகாட்டலும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் பெற்று, கணக்கிட்டு, எழுதி முடித்தல் ஓராண்டில் இயலுவதே.

தோட்டத்திற் பிறந்து வளர்ந்த மருத்துவர்க்கு வேறொரு வலிமையும் உண்டு. வாய் எரிவு எப்போது தொடங்கிற்று, ஒரு நாளைக்கு எத்தனை முறை வெற்றிலை போடுவர், புகையிலை சேர்த்தது எந்த வயதில் என்பன போன்றவற்றை லயத்து மொழியிலேயே கேட்டறிய அவரால் இயலும். மொழிபெயர்ப்பில் வடிந்துபோகும் செய்திகள் அவரிடம் முழுமையாகச் சேரும். பதுளை மருத்துவமனையில் அதனை ஒத்த ஆய்வுக்கருவி வேறில்லை எனலாம்.

எண்ணிக்கையின் மயக்கம்

ஆராய்ச்சியை வாயிற்காவலனாக்கிய நாடுகளில் ஒரு தீமையும் வளர்ந்துள்ளது. எத்தனை கட்டுரைகள் என்ற எண்ணே பெரிதாகுங்கால், உழைக்காதோர் பெயரும் ஆசிரியர் வரிசையிற் சேர்கின்றது. பணம் பெற்று எதனையும் வெளியிடும் ஏடுகள் பெருகுகின்றன. கட்டுரைகளை எழுதி விற்கும் வணிகமும் தலைதூக்கியுள்ளது. இவ்வாறு சேர்த்த பத்துக் கட்டுரைகளை உடையவர், நேர்முகத்தில் அவற்றுள் ஒன்றைப் பற்றி ஆழ்ந்து வினவப்பட்டதும் வாயடைத்து நிற்பர். ஒரே ஒரு வினாவை எழுப்பி, அதற்கு விடை தேடி, தாம் எதிர்பார்த்தது பொய்த்தமையையும் ஒளியாது உரைக்கவல்லவரே தேர்வாளரின் நம்பிக்கைக்கு உரியர்.

நீதி பற்றிய வினாவும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர் மலைநாட்டுத் தமிழர். அவர்களுள் எஞ்சியிருந்த நாடற்றோரின் துயர் தீர்க்க 2003இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. தோட்டப் பள்ளிகள் அரசின் பொறுப்பில் வந்ததும் 1970களிலேயே. பல்கலைக்கழக நுழைவில், பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகப் பதுளைக்கு ஒதுக்கீடு உண்டு. அதற்கப்பாலுள்ள படிகளில் அத்தகைய துணையில்லை. பேராசிரியரின் அறிமுகமும், ஊதியமின்றி வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் மாதக்கணக்கில் தங்கும் பொருள் வசதியும் உடையோர்க்கே ஆய்வனுபவம் எளிதிற் கிட்டுமாயின், அவ்வளவுகோல் திறமையை அளக்கின்றதா, செல்வத்தை அளக்கின்றதா என ஐயுறல் வேண்டும். இவ்வகையில், பரீட்சை ஒன்றையே கொள்ளும் இலங்கை முறை எளியோர்க்கு ஒருவாறு நடுநிலையானதே. அம்முறையின் குறை, ஆராயும் மனப்பான்மையைப் பயிற்சி தொடங்கும்வரை உறங்கவிடுவதாகும். மருத்துவபீடத்திலும் மாகாண மருத்துவமனையிலும் வழிகாட்டலோடு கூடிய சிற்றாய்வுகளுக்கு இடமளிப்பின், பரீட்சையின் நடுநிலையும் ஆராய்ச்சியின் பயனும் ஒருங்கே எய்தப்பெறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மறக்கலாகாத ஒன்றுண்டு. ஆய்வின் பொருளாக அமைவோர் தொழிலாளரும் உழவரும் ஆவர். தம் உடலின் ஒரு துண்டு எதற்காக எடுக்கப்படுகின்றது, மறுத்தால் சிகிச்சைக்குக் குறைவு நேருமா என்பனவற்றைத் தம் மொழியில் கேட்டு விளங்கிக்கொண்டு இசைவளிக்கும் உரிமை அவர்க்குண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி மாணவர்க்குப் பயிற்றினார் எனில், இன்று இசைவுப் படிவமொன்றைத் தெளிந்த தமிழில் எழுத இயலாது எனக் கூறுதல் பொருந்தாது. ஆய்வு முடிந்தபின் அதன் பயன் அவர்களிடமே திரும்புதலும் வேண்டும். வாயிற் புண் கண்டவரைச் சிகிச்சைக்குச் சேர்ப்பிக்காது எண்ணிக்கையில் மட்டும் சேர்த்த ஆய்வு, எத்துணைச் சிறந்த ஏட்டில் வெளிவந்தாலும் மருத்துவமாகாது.

முடிவு

தொகுத்து நோக்குங்கால், இலங்கையின் நோயியற் பயிற்சிக்கு நுழையும் வேளையில் ஆராய்ச்சி அனுபவம் கட்டாயமன்று. அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளில் அது விண்ணப்பத்திற்கு வலிமையூட்டுவது. எந்நாட்டிலாயினும், நல்ல நோயியலாளராக வாழ அது வேண்டற்பாலது. அவ்வனுபவத்தைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. பதுளை மருத்துவமனையின் பதிவேடுகளிலும், தோட்டத்து லயங்களிலும், கிராந்துருக்கோட்டையின் வயல்களிலும் விடை காணப்படாத வினாக்கள் காத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றனையேனும் நேர்மையோடு பின்தொடரும் மாணவர், தம் விண்ணப்பத்திற்கு ஒரு வரியைச் சேர்ப்பதோடு, தம்மை வளர்த்த மக்களுக்குப் பட்ட கடனில் ஒரு பகுதியையும் தீர்த்தவராவர்.